அடுக்களையைப் போல

ஈசூன் மருத்துவமனை, ஐந்தாம் மாடி.
சன்னலுக்கு வெளியே புளோக்குகளைக் காணோம்,
நேற்று இருந்தன.
காற்றுத்தரம் நூற்று எழுபத்தொன்று என்கிறது
மின்தூக்கி அருகே ஒரு திரை.

உள்ளே என் தம்பி மணிமாறன்.
லாரி சாய்த்துப் பதினோரு நாள்.
இயந்திரம் மூச்சு விடுகிறது,
மார்பு அதற்கு ஒத்துப்போகிறது.
டாக்டர் இங் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு
"நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போனார்,
நேரம் ஏதோ மேசைமேல் இருப்பதைப் போல.

பத்மநாதன் அண்ணன்தான் ஆரம்பித்தார்.
"உடம்பு வாடகை வீடு.
குடியிருந்தவன் காலி பண்ணிட்டான்.
விளக்கை அணைச்சுட்டுச்
சாவியைக் கொடுத்துடறதுதான் முறை."
வீடு விற்றுக்கொடுக்கும் முகவர் அவர்,
உவமை சட்டைப்பையிலேயே இருந்தது.

யோகேஸ்வரி நிமிர்ந்தாள்.
"வீட்டுக்காரர் யாரு அண்ணே?
சாவியை யார் கையில குடுக்கறது?
குடிவர்றதுக்கு முந்தி இந்த வீடு காலியா கிடந்துச்சா?
பதினாலு வயசுல மீசை முளைச்ச வீடு
எந்தப் பேட்டையில இருக்கு, சொல்லுங்க."

அண்ணன் சர்க்கரை போடாத கோப்பியைக் கலக்கினார்,
வெகு நேரம்.

"மூச்சு வருது" என்றாள்.
"மூச்சு வந்தா உயிர் இருக்கு.
புகைஞ்சா நெருப்பு இருக்கற மாதிரி."

பழைய தர்க்கம்.
மலையில் நெருப்பு உண்டு,
புகை தெரிவதால்,
அடுக்களையைப் போல.
தமிழ் வகுப்பில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம்.
பிறகு வயிற்றுப்பாடே அதுவாகிப்போனது:
புகை உணர்கருவிகளைச் சோதிக்கிறேன்.
ஏணியில் ஏறிக் குப்பியிலிருந்து பொய்ப்புகை அடித்தால்
கருவி அலறும்,
மொத்தக் கட்டடத்திலும் ஒரு தீக்குச்சி எரிந்திருக்காது.

அதைச் சொன்னேன்.
அவளிடம், அந்த நாளில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து.
"இந்த மூச்சு குப்பியிலேர்ந்து வருது யோகேஸ்."

அவள் அழவில்லை. சன்னலைக் காட்டினாள்.
"அப்ப இது எந்தக் குப்பி?"

சுமத்ராவில்
கடலுக்கு அப்பால், கரிமண்ணுக்கு அடியில்
வாரக்கணக்காக ஏதோ கனன்றுகொண்டிருந்தது.
பார்த்தவர் நம்மில் யாரும் இல்லை.
தொண்டை கரகரத்தது எல்லோருக்கும்.
புகை நிற்கும் இடத்தில் நெருப்பு இல்லை,
அடுக்களை பொய்த்தது.
எங்குமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை,
குப்பியும் பொய்த்தது.

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் அண்ணன்.
"வேற இடத்துக்குப் போயிட்டான்னு."

ஒரே புகை
இரண்டு கட்சிக்கும் சாட்சி சொன்னது.
குறுக்கு விசாரணை செய்ய என்னிடம்
இன்னோர் உவமைதான் இருந்தது,
அதற்கும் ஒரு கால் குட்டையாக இருக்கும்.
'போல' என்று சொல்லும்போதே
இரண்டும் ஒன்றில்லை என்று ஒப்புக்கொண்டுதானே தொடங்குகிறோம்.
எந்த இடத்தில் ஒன்றில்லை என்பதைத்தான்
கடைசியில் யாராவது கேட்கவேண்டியிருக்கிறது,
மீசையைப் பற்றிக் கேட்டாளே, அப்படி.

தாதியிடம் சொல்லி டாக்டரைத் திரும்ப அழைத்தாள்.
"இந்தத் தடவை
எதையும் எதோடவும் ஒப்பிடாம சொல்லுங்க."

டாக்டர் இங் முகக்கவசத்தைக் கழற்றினார்.
கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை, என்றார்.
இரண்டு முறை பார்த்தோம்.
குழாயை நகர்த்தினால் இருமல் வரவில்லை.
நான்காவது வாக்கியத்தில்
ஒரு 'மாதிரி' வாய்வரை வந்தது,
நிறுத்திக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள்.
நாங்களும்.

வெளியே புகை கொஞ்சம் விலகி
ஒரு புளோக்கின் எண் மட்டும் தெரிந்தது,
முதலில் ஏழு,
அதன் பக்கத்தில்
மூன்றோ எட்டோ.